பரீட்சை ஒரு வாசல், வேலை இன்னொரு வாசல்



வழக்கமாக இந்தப் பக்கத்தில் நீரிழிவு, குருதி அமுக்கம், மூட்டுவலி என்று ஏதாவது ஒரு நோயைப் பற்றியே எழுதி வருகிறோம். இம்முறை எழுதப்போவது ஒரு பரீட்சையைப் பற்றி. சுகாதாரப் பக்கத்தில் பரீட்சைக்கு என்ன இடம் என்று நீங்கள் கேட்கலாம். கீழே வரும் சம்பவத்தைப் படித்தபின் கேட்கமாட்டீர்கள் என்று நினைக்கிறோம். (ஆளை அடையாளம் காண முடியாதபடி விபரங்களை மாற்றியிருக்கிறோம்.)

2024ஆம் ஆண்டு குளிர்காலத்தில், முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு தங்கை எங்கள் சிகிச்சை நிலையத்துக்கு வந்தார். நெஞ்சு படபடப்பு, நித்திரையின்மை, சாப்பாட்டில் மனமில்லை. இதயத்துடிப்பைப் பதிவு செய்து பார்த்தோம். ஒரு குறையும் இல்லை. தைரொயிட் பரிசோதனையும் குருதிப் பரிசோதனையும் சரியாகவே இருந்தன.

“பிள்ளை, மனசிலை ஏதும் யோசனையோ?” என்று கேட்டோம்.

“பாஸ் பண்ணிட்டன் டொக்டர். தாதியாப் பதிவும் கிடைச்சிட்டுது. வேலைதான் இல்லை.”

அதற்குப் பிறகு அவரால் பேச முடியவில்லை, அழுகைதான் வந்தது.

இவர் வவுனியாவில் ஒன்பது ஆண்டுகள் தாதியாக வேலை செய்தவர். தகப்பனின் காணியை ஈடு வைத்து, தாலிக்கொடியையும் அடகு வைத்து, கணவனையும் ஐந்து வயது மகனையும் ஊரில் விட்டுவிட்டு, விருந்தினர் விசாவில் ஓக்லாந்து வந்து பரீட்சையில் தேறியிருந்தார். அறுபதுக்கு மேற்பட்ட இடங்களுக்கு விண்ணப்பித்தும் இரண்டே இரண்டு பதில்கள்தான் வந்தன. இரண்டும் “நியூசிலாந்து அனுபவம் உள்ளவர்கள் தேவை” என்ற பதில்கள். “பதிவு கிடைத்தால் வேலை வீடு தேடி வரும்” என்று ஊரில் ஏஜென்சிக்காரர் ஒருவர் சொல்லியிருந்தாராம். விசா முடிய ஆறு வாரங்கள் இருந்தன.

இந்த நெஞ்சுப் படபடப்புக்கு எழுதிக் கொடுக்க எங்களிடம் மாத்திரை இல்லை. அவர் விமானம் ஏறுவதற்கு முன்னரே யாராவது சொல்லியிருக்க வேண்டிய சில விடயங்கள்தான் இருந்தன. அவற்றை இங்கே எழுதுகிறோம். உங்கள் வீட்டிலோ, ஊரில் உள்ள உறவினரிடையேயோ ஒரு தாதி இருந்தால் இந்தப் பக்கத்தை அவருக்குக் கொடுங்கள்.

எங்கள் வீட்டு அனுபவம்

இதை எழுதும் எங்கள் வீட்டில் இரண்டு பேர் இருக்கிறோம். ஒருவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் படித்தவர். மற்றவர் யாழ். போதனா வைத்தியசாலையில் தாதியாக இருந்தவர். போரில் இடம்பெயர்ந்து, அகதிகளாக 1999இல் இந்த நாட்டுக்கு வந்தோம். வைத்தியர் இரவில் அலுவலகங்களைத் துப்புரவு செய்தார். தாதி ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக வேலை செய்தார். எங்கள் பட்டங்கள் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் அலுமாரியின் மேல்தட்டில் கிடந்தன.

வைத்தியர் தமது செயன்முறைப் பரீட்சையில் முதல் முறை தோற்றார். நோயைக் கண்டுபிடிப்பதில் பிழை விடவில்லை. ஆனால் நோயாளியாக நடித்தவரிடம் “உங்களுக்கு இதில் எது பயமாக இருக்கிறது?” என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. ஊரில் காலையில் நூறு பேரைப் பார்த்த பழக்கம் அது. பிறகு சமையலறை மேசையில் தாதி நோயாளியாக நடிக்க, வைத்தியர் கேட்டுக் கேட்டுப் பழகினார். இரண்டாம் முறை தேறினார்.

தாதிக்கு இங்கே பதிவு கிடைத்தது 2006இல். ஏழு ஆண்டுகள் சென்றுவிட்டன. “முதலில் நீங்கள் படியுங்கோ, பிறகு நான் பார்க்கிறன்” என்று அவர் சொன்னதை, சரி என்று மற்றவர் ஏற்றுக்கொண்டதுதான் காரணம். அந்த ஏழு ஆண்டுகளில் மறந்துபோனவற்றை மீண்டும் படிக்க அவர் பட்ட பாட்டை நினைத்தால் இன்றும் எங்களுக்கு வருத்தம்தான். இதை ஏன் சொல்கிறோம் என்பது பின்னால் விளங்கும்.

பதிவு ஏன் இவ்வளவு இறுக்கம்?

“பத்து வருசம் வார்டிலை நிண்ட எனக்குப் பரீட்சையோ?” என்று பலர் கோபப்படுகிறார்கள். நியாயமான கோபம்தான். ஆனால் இந்த நாட்டின் வரலாற்றையும் பார்க்க வேண்டும். தாதியரைப் பதிவு செய்வதற்கென்றே தனிச் சட்டம் இயற்றிய முதல் நாடு நியூசிலாந்து. 1901இல் நிறைவேறிய அந்தச் சட்டத்துக்குப் பின்னால் நின்றவர் கிரேஸ் நீல் என்ற பெண்மணி. 1902 ஜனவரியில் எலன் டொஹெர்ட்டி என்பவர் பதிவேட்டில் முதல் பெயராகச் சேர்க்கப்பட்டார். உலகிலேயே முதலாவது அரச பதிவு பெற்ற தாதி என்று அவரைச் சொல்வார்கள்.

இன்று இந்தப் பொறுப்பு வெலிங்டனில் உள்ள நியூசிலாந்துத் தாதியர் மன்றத்திடம் இருக்கிறது. 2003ஆம் ஆண்டுச் சுகாதாரப் பணியாளர் தகுதிச் சட்டத்தின்படி, மன்றத்தின் வேலை பொதுமக்களைப் பாதுகாப்பது. தாதிக்கு வேலை தேடித் தருவது அதன் வேலை அல்ல. இந்த ஒரு வரியை நன்றாக மனதில் பதித்துக்கொள்ளுங்கள். மன்றம் ஒரு வாசலைத்தான் திறக்கும். வேலை கொடுப்பவர் வேறு ஆள், அவருடைய வாசல் வேறு.

முதல் வாசல்: பரீட்சை

முன்பெல்லாம் வெளிநாட்டுத் தாதியர் பலர் இங்கே வந்து, சில வாரங்கள் நடக்கும் தகுதி மதிப்பீட்டுப் பயிற்சியை முடித்துத்தான் பதிவு பெற்றார்கள். எங்கள் வீட்டுத் தாதியும் அப்படித்தான். 2023 டிசம்பரில் அந்த முறைக்குப் பதிலாகப் புதிய முறை வந்தது. அதன் படிகள் சுருக்கமாக இவை:

ஒன்று, ஆங்கிலம். ஐயெல்ட்ஸ் அக்கடமிக் என்றால் வாசிப்பு, கேட்டல், பேச்சு மூன்றிலும் 7, எழுத்தில் 6.5. ஓ.ஈ.டி. என்றால் முதல் மூன்றிலும் 350, எழுத்தில் 300.

இரண்டு, சான்றிதழ்களைச் சரிபார்த்தல். இதனை சி.ஜி.எஃப்.என்.எஸ். என்று முன்னர் அழைக்கப்பட்டு இப்போது ட்ரூமெரிட் என்ற பெயரில் இயங்கும் அமெரிக்க நிறுவனம் செய்கிறது. தாதியர் கல்லூரியும், ஊரிலுள்ள தாதியர் மன்றமும் நேரடியாகக் கடிதங்கள் அனுப்ப வேண்டியிருக்கும். போரில் ஆவணங்களை இழந்தவர்களுக்கு இதுதான் மிகவும் மெதுவாக நகரும் படி. ஆகவே ஆங்கிலப் பரீட்சைக்குப் படிக்கும்போதே இதையும் தொடங்கிவிடுங்கள்.

மூன்று, இந்த நாட்டின் பண்பாட்டையும் நோயாளரின் உரிமைகளையும் பற்றிய இணையவழிப் பாடங்கள்.

நான்கு, கணினியில் எழுதும் அறிவுப் பரீட்சை. இதில் இரண்டு பகுதிகள். ஒன்று மருந்துப் பாதுகாப்பு, மற்றது தாதிமை அறிவு. இதனை உலகின் பல நாடுகளில் உள்ள பரீட்சை நிலையங்களில் எழுதலாம்.

ஐந்து, ஒஸ்கி எனப்படும் செயன்முறைப் பரீட்சை. இதற்கு முன் சில நாட்கள் அறிமுகப் பயிற்சி உண்டு. நேரில் வந்துதான் செய்ய வேண்டும். புதிய முறை தொடங்கியபோது இது கிறைஸ்ட்சேர்ச் நகரில் நர்ஸ் மோட் நிறுவனத்தின் நிலையத்தில் ஏற்பாடு செய்யப்பட்டது.

இங்கிலாந்து, அயர்லாந்து, சிங்கப்பூர் போன்ற நாடுகளில் பதிவு பெற்று வேலை செய்தவர்களுக்கு வழி இலகுவானது. அவுஸ்திரேலியப் பதிவு உள்ளவர்களுக்கு இரு நாடுகளுக்கும் இடையிலான பரஸ்பர அங்கீகாரம் இருக்கிறது. இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் படித்தவர்கள் பெரும்பாலும் பரீட்சை வழியாகத்தான் வரவேண்டும். கட்டணமும் விதிகளும் மாறக்கூடியவை என்பதால், ஒரு சதம் கட்டுவதற்கு முன்னும் மன்றத்தின் சொந்த அறிவித்தலைப் படியுங்கள். மச்சாள் சொன்னதையும் ஏஜென்சிக்காரர் சொன்னதையும் நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

கனடாவிலும் அமெரிக்காவிலும் உள்ள உறவினர் “என்.சி.எல்.எக்ஸ். புத்தகத்தைப் படி, போதும்” என்பார்கள். அந்த நாடுகளின் பரீட்சை அது. பயிற்சிக்கு உதவும், ஆனால் அப்படியே எடுக்கக்கூடாது. அதில் அசிற்றமினோஃபென் என்று வருவது எங்களுடைய பரசிற்றமோல். இங்கே குருதிச் சீனியை மில்லிமோலில் அளப்பார்கள். ஊரில் மில்லிகிராமில் சொல்லும் எண்ணை 18ஆல் வகுத்தால் இங்குள்ள எண் வரும். ஊரில் 180 என்றால் இங்கே 10. (இது பரீட்சைக்கு மட்டுமல்ல, ஊரிலிருந்து அப்பா அம்மாவின் றிப்போர்ட் வரும்போது எல்லா வீட்டுக்கும் உதவும்.)

நம்மவர் எங்கே தடுக்குகிறார்கள்?

கணக்கு முதலாவது. வைத்தியர் 750 மில்லிகிராம் எழுதியிருக்கிறார். போத்தலில் 5 மில்லிலீற்றரில் 250 மில்லிகிராம் இருக்கிறது. எவ்வளவு கொடுப்பீர்கள்? 15 மில்லிலீற்றர். ஒரு லீற்றர் சேலைன் எட்டு மணித்தியாலத்தில் ஏறவேண்டும், ஒரு மில்லிலீற்றருக்கு 20 துளி என்றால் நிமிடத்துக்கு எத்தனை துளி? 1000ஐ 20ஆல் பெருக்கி 480 நிமிடத்தால் வகுத்தால் ஏறத்தாழ 42. இது பெரிய கணிதமல்ல. ஆனால் நேரம் ஓடும்போது மைக்ரோகிராமையும் மில்லிகிராமையும் மாற்றிப் பிடித்தால் ஆயிரம் மடங்கு பிழை. தினமும் பத்துக் கணக்கு, இரண்டு மாதம் செய்யுங்கள். பஸ்ஸிலும் செய்யலாம்.

இரண்டாவது, வாய் திறவாமை. ஒஸ்கி அறையில் பரீட்சகர் உங்கள் மனதுக்குள் பார்க்க முடியாது. கை கழுவுவது, பெயர் சொல்லி அறிமுகமாவது, நோயாளியின் பெயர், பிறந்த திகதி, அவருக்குரிய தேசிய சுகாதார எண் மூன்றையும் சரிபார்ப்பது, ஒவ்வாமை உண்டா என்று கேட்பது, சம்மதம் பெறுவது, எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். ஊரில் நாங்கள் வாய் பேசாமல் கையால் வேலை செய்து பழகியவர்கள். கண்ணாடி முன் நின்றாவது பேசிப் பழகுங்கள்.

இந்தச் சம்மதம் பெறும் விடயத்தில் ஓக்லாந்துக்கு ஒரு கசப்பான வரலாறு உண்டு. இங்குள்ள நஷனல் விமன்ஸ் வைத்தியசாலையில், கருப்பைக் கழுத்தில் ஆரம்பநிலை மாற்றங்கள் இருந்த பெண்கள் சிலர், தங்களுக்குத் தெரியாமலே ஓர் ஆய்வில் வைக்கப்பட்டு, உரிய சிகிச்சை கொடுக்கப்படாமல் விடப்பட்டார்கள். 1987இல் மெட்ரோ சஞ்சிகையில் சண்ட்ரா கோனி, பிலிடா பங்கிள் என்ற இருவர் இதனை வெளிக்கொண்டுவந்தார்கள். நீதிபதி சில்வியா கார்ட்ரைட் தலைமையில் விசாரணை நடந்து 1988இல் அறிக்கை வந்தது. அதன் பயனாகவே 1996இல் நோயாளரின் பத்து உரிமைகள் சட்டமாயின. ஒஸ்கியில் “உங்கள் கையில் ஊசி போடலாமா?” என்று கேட்காவிட்டால் ஏன் புள்ளி குறைகிறது என்பது இப்போது விளங்கும்.

மூன்றாவது, “டொக்டர் எழுதினால் சரிதானே” என்ற எண்ணம். எங்களில் வைத்தியரானவர் ஒருமுறை, வாரத்துக்கு ஒருநாள் மட்டும் எடுக்க வேண்டிய மெதொட்ரெக்சேற் என்ற மூட்டுவாத மருந்தை, களைப்பில், தினமும் என்று எழுதிவிட்டார். நாள்தோறும் எடுத்தால் உயிரையே பறிக்கக்கூடிய மருந்து அது. சிகிச்சை நிலையத்தில் இருந்த ஓர் இளம் தாதி கதவைத் தட்டி, “இது சரிதானா என்று ஒருக்கால் பார்க்கிறீர்களா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியால் ஒரு நோயாளி தப்பினார், ஒரு வைத்தியரும் தப்பினார். இந்த நாட்டில் தாதியிடம் எதிர்பார்ப்பது இதைத்தான். பரீட்சையிலும் வேண்டுமென்றே பிழையான மருந்தளவு வரலாம். அதைப் பிடித்து நிறுத்துங்கள்.

நான்காவது, பண்பாட்டுப் பாதுகாப்பு. இது இந்த நாட்டில் பிறந்த சிந்தனை. இரிஹபெட்டி ராம்ஸ்டன் என்ற மாவோரித் தாதி இதனை வளர்த்தெடுத்தார். 1992இல் தாதியர் மன்றம் இதனைத் தாதியர் கல்வியில் சேர்த்தது. கவனிப்பு நல்லதா, பாதுகாப்பானதா என்று தீர்மானிப்பவர் தாதி அல்ல, அதைப் பெறுகின்ற நோயாளி என்பதே இதன் சாரம். 1840 பெப்ரவரி 6 அன்று கைச்சாத்தான வைதாங்கி உடன்படிக்கையையும் இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும். பலர் இதை மனப்பாடம் செய்கிறார்கள். எங்களுக்கு மனப்பாடம் தேவையில்லை. தன் மொழி தெரியாத ஊழியர் நிறைந்த வைத்தியசாலையில், என்ன சொல்கிறார்கள் என்று தெரியாமல், தலையாட்டிக்கொண்டு படுத்திருந்த ஒரு தாயாவது நம் குடும்பங்களில் இல்லையா? அந்தத் தாயை நினைத்துக்கொண்டு விடை எழுதுங்கள், சரியாக வரும்.

இரண்டாம் வாசல்: வேலை

இனி, வவுனியாத் தங்கைக்கு யாரும் சொல்லாத பகுதி.

2022இல் இங்கே தாதியருக்குக் கடும் தட்டுப்பாடு. அந்த ஆண்டு டிசம்பரில் பதிவு பெற்ற தாதியரை நேரடி வதிவிட விசாப் பட்டியலில் அரசாங்கம் சேர்த்தது. செய்தி ஊரெல்லாம் பரவியது. இந்தியாவிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் பெருந்தொகையானோர் வந்தார்கள். நம்மவரும் வந்தார்கள். 2024இல் அரச சுகாதார அமைப்பு செலவைக் கட்டுப்படுத்தத் தொடங்கியது. இந்நாட்டு அனுபவம் இல்லாத புதியவர்களுக்கு வைத்தியசாலை இடங்கள் அரிதாயின. 2025 நடுப்பகுதியில் இங்கேயே பட்டம் பெற்ற புதிய தாதியரிலும் பாதிக்கும் குறைவானவர்களுக்கே அரச வைத்தியசாலைகளில் இடம் கிடைத்தது. தட்டுப்பாடு என்று செய்தி வந்த நாளுக்கும், நீங்கள் பதிவு பெறும் நாளுக்கும் இடையில் ஒன்றரை வருடம் ஓடிவிடும். அதற்குள் நிலைமை தலைகீழாகலாம், பிறகு திரும்பவும் மாறலாம்.

ஆழமறியாமல் காலை விடாதே என்பார்கள். ஆகவே நாங்கள் சொல்வது இது:

அறிவுப் பரீட்சை வரையிலான எல்லாவற்றையும் ஊரில் வேலையில் இருந்துகொண்டே முடியுங்கள். சம்பளமும் வரும், அனுபவமும் அறுந்துபோகாது. மன்றம் அண்மைக்கால அனுபவத்தைத்தான் பார்க்கிறது.

ஒஸ்கிக்கு விமானச் சீட்டு எடுக்குமுன் வேலை தேடத் தொடங்குங்கள். பதிவு இருந்தால் மட்டும் வதிவிட விசா வராது. அங்கீகாரம் பெற்ற முதலாளியிடம் வேலையும் வேண்டும். விண்ணப்பத்தில் “எல்லா வார்டும் தெரியும்” என்று எழுதாமல், சிறுநீரகச் சுத்திகரிப்பா, தீவிர சிகிச்சையா, மனநலமா, எதில் எத்தனை ஆண்டு என்று எழுதுங்கள்.

ஓக்லாந்து சிற்றி, மிடில்மோர், நோர்த் ஷோர் என்று மூன்று பெயர்களை மட்டும் வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். முதியோர் இல்லங்கள், ஹொஸ்பிஸ்கள், வீடு வீடாகச் செல்லும் தாதியர் சேவை, குடும்ப வைத்திய நிலையங்கள், சிறு நகர வைத்தியசாலைகள் எல்லாம் தாதியரை எடுப்பவைதான். ஓக்லாந்தில் கோயிலும் தோசையும் உண்டு என்பது உண்மை. இரண்டு வருடம் தெற்கே ஒரு சிறு நகரத்தில் இருந்து அனுபவம் எடுத்துக்கொண்டு வந்தாலும் கோயில் அங்கேயேதான் இருக்கும்.

வேலை தருவதற்காகப் பணம் கேட்பது இந்த நாட்டில் சட்டவிரோதம். 1983ஆம் ஆண்டுச் சம்பளப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடை செய்கிறது. குடிவரவு ஆலோசனை சொல்பவர் உரிமம் பெற்றவராகவோ, சட்டத்தரணி போன்று விலக்களிக்கப்பட்டவராகவோ இருக்க வேண்டும் என்று 2007ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. உரிமம் உள்ளவரா என்று பொதுப் பதிவேட்டில் யாரும் பார்க்கலாம். பணம் கொடுத்து ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். சிற்றிசன்ஸ் அட்வைஸ் பீரோவில் இலவசமாக ஆலோசனை கிடைக்கும்.

கடனுக்கு ஓர் எல்லை போடுங்கள். தோற்றாலும், வேலை கிடைக்காவிட்டாலும், ஊரில் உள்ள சம்பளத்தால் மூன்று வருடத்தில் கட்டி முடிக்க முடியாத கடனை எடுக்க வேண்டாம். காணி போனால் போகட்டும் என்பவர்கள், அந்தக் காணியில் இருக்கும் அப்பா அம்மாவையும் நினைக்க வேண்டும்.

ஏற்கனவே இங்கே பராமரிப்பாளராக இருப்பவர்களுக்கு

எங்கள் சங்கத்திலேயே ஊரில் தாதியாக இருந்து இங்கே முதியோர் இல்லங்களில் பராமரிப்பாளராக வேலை செய்கின்ற சகோதரிகள் இருக்கிறார்கள். அது மதிப்பான வேலை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். பராமரிப்பாளராகச் செய்யும் மணித்தியாலங்கள் தாதி அனுபவமாகக் கணக்கில் வராது. வருடங்கள் போகப் போக வாசல் ஒடுங்கிக்கொண்டே போகும். “பிள்ளைகள் வளரட்டும்” என்று ஏழு வருடம் காத்திருந்த எங்கள் பிழையை நீங்கள் செய்ய வேண்டாம். இன்றே மன்றத்துக்கு எழுதி உங்கள் நிலைமையைக் கேளுங்கள். வழி அடைபட்டிருந்தால், இங்கே திரும்பப் படிக்கும் வழியும் உண்டு. பதிவுத் தாதிக்கான பட்டப்படிப்பு மூன்று ஆண்டுகள். ஏ.யு.டி., ஓக்லாந்துப் பல்கலைக்கழகம், மாசி ஆகியவற்றில் இருக்கிறது. அதனைவிடக் குறுகிய, ஒன்றரை ஆண்டு டிப்ளோமா படித்து என்ரோல்ட் நேர்ஸ் ஆகவும் பதிவு பெறலாம்.

உடம்பையும் மனதையும் பார்த்துக்கொள்ளுங்கள்

இரவு வேலை செய்துவிட்டு வந்து, பகலில் படித்து, நான்கு மணித்தியாலம் நித்திரை கொள்பவர்கள் எங்களிடம் வருகிறார்கள். நித்திரையில்லாத மூளையில் படித்தது தங்காது. இரவு வேலை முடித்த நாளில் படிக்க வேண்டாம். அன்று ஏழு மணித்தியாலம் நித்திரை, யன்னல் திரையை இழுத்துவிட்டு, தொலைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு. மற்ற நாட்களில் முக்கால் மணித்தியாலம் படிப்பு, பத்து நிமிடம் எழுந்து நடப்பது என்று பிரித்துக்கொள்ளுங்கள். பிற்பகலுக்குப் பின் கோப்பியும் கடுந்தேநீரும் வேண்டாம்.

பரீட்சைப் பதற்றத்துக்கு என்று ஒருவருக்கு எழுதிய புரொப்ரனலோல் மாத்திரையை மற்றவருக்குக் கொடுக்கும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. ஆஸ்துமா உள்ளவர் அதை எடுத்தால் மூச்சுக்குழாய் இறுகி உயிராபத்து வரலாம். தயவுசெய்து செய்யாதீர்கள்.

நோயாளரைத் தூக்கி முதுகு பிடித்துக்கொண்டால், விசா எதுவாக இருந்தாலும் ஏ.சி.சி. விபத்துக் காப்பு உண்டு. நோய்க்கு அப்படியல்ல. விருந்தினர் விசாவில் வருபவருக்கு அரச வைத்தியச் செலவு கிடைக்காது. ஆகவே காப்புறுதி இல்லாமல் வரவேண்டாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் நித்திரையில்லை, அழுகை வருகிறது, எதிலும் பிடிப்பில்லை, இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வருகிறது என்றால் அது சோம்பலோ பலவீனமோ அல்ல, நோய். வைத்தியரிடம் வாருங்கள். இரவு பகல் எந்நேரமும் 1737க்கு இலவசமாக அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 111.

வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. பரீட்சை எழுதுபவர் மனைவியென்றால் ஆறு மாதத்துக்குச் சமையல் கணவனுடையது. ஊரில் உள்ள மாமா மாமிமார் ஒவ்வொரு அழைப்பிலும் “முடிவு வந்திட்டுதோ, வேலை கிடைச்சிட்டுதோ?” என்று கேட்பதை நிறுத்தி, “சாப்பிட்டனியோ?” என்று கேளுங்கள். ஒருமுறை தோற்றால் அதை ஊரெல்லாம் சொல்ல வேண்டாம். எங்களில் வைத்தியரும் தோற்றவர்தான்.

ஒரு வேண்டுகோள்

வவுனியாத் தங்கைக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். விசாவை நீடித்துக்கொண்டார். எங்கள் வீட்டுத் தாதி அவருடைய விண்ணப்பத்தைத் திருத்திக் கொடுத்து, நேர்முகத்துக்கும் பழக்கினார். ஏழாவது மாதம், ஓக்லாந்திலிருந்து பல மணித்தியாலம் தள்ளி ஒரு சிறு நகர முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. மகன் இப்போது அங்கே பள்ளிக்கூடம் போகிறான். ஈடு வைத்த காணியை இன்னும் மீட்கவில்லை. மாத்திரை எதுவும் எடுக்காமலே படபடப்பு நின்றுவிட்டது.

அவர் ஓக்லாந்தில் வந்து இறங்கிய நாளிலேயே எங்களில் ஒருவரைத் தெரிந்திருந்தால் ஏழு மாதம் நான்காகியிருக்கலாம். நம்மிடையே பதிவு பெற்ற தாதியர் பலர் இருக்கிறார்கள். சனிக்கிழமை தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளைக் கூட்டிவந்துவிட்டு, காரில் இருந்து தொலைபேசி பார்க்கும் அந்த இரண்டு மணித்தியாலத்தை, மாதம் ஒருமுறை, புதிதாக வருபவர்களுக்குக் கொடுக்க முடியுமா? ஒரு மேசை, இரண்டு கதிரை, நோயாளியாக நடிக்க ஒருவர் இருந்தால் போதும். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பேர் வருகிறோம். விருப்பமுள்ளவர்கள் சங்கச் செயலாளரிடம் பெயரைக் கொடுங்கள்.

அடுத்த இதழில் வழக்கம்போல ஒரு நோயுடன் சந்திப்போம். நலமாக இருங்கள். வணக்கம்.